கை நடுங்கினால் லேப் படிப்பு சரிப்படாதா?

கேள்வி: அம்மா, நான் உயிர்வேதியியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கை நடுங்கும். அப்பாவுக்கும் உண்டு. டாக்டர் இதை எசென்ஷியல் ட்ரெமர் என்றார், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். சும்மா இருக்கும்போது தெரியாது. நுணுக்கமாக ஒரு வேலை செய்யப் போனால்தான் ஆரம்பிக்கும். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு மடங்காகும். போன வாரம் ஜெல்லில் (மூலக்கூறுகளைப் பிரித்துப் பார்க்க உதவும் கூழ்ப் பலகை) சாம்பிள் ஏற்றும்போது அதிலுள்ள குழியைக் கிழித்துவிட்டேன். லேப் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும், "கை நிற்காதவர்களுக்கு இந்தப் படிப்பு சரிப்படாது, தியரி மட்டும் உள்ள பாடத்துக்கு மாறிக்கொள்" என்று சொல்லிவிட்டார். தியரியில் நான் நல்ல மதிப்பெண்தான் வாங்குகிறேன். சலுகை கேட்டால் கூடப் படிக்கிறவர்களை ஏமாற்றுவதாகுமோ என்று கூச்சமாகவும் இருக்கிறது. மாறிவிடுவதுதான் சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

மாற வேண்டாம். பாடம் பிடிக்காமல் போனால் மாறுங்கள், அது வேறு விஷயம். ஒரு ஜெல் குழி கிழிந்ததற்காக மாற வேண்டாம்.

உங்கள் ஆசிரியரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். பட்டம் வாங்குகிற ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. வழக்கமாக எல்லோரும் அதை எப்படிச் செய்து காட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதுதான் அத்தியாவசியத் திறன். கேட்ட அளவைக் கேட்ட துல்லியத்தில் எடுக்கத் தெரிய வேண்டும். தனக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து வராமல் வேலை செய்ய வேண்டும். வந்த ரீடிங்கை வந்தபடியே எழுத வேண்டும். முடிவு தப்பாக வந்தால் எங்கே தப்பியது என்று தேடத் தெரிய வேண்டும். இதில் ஒன்றைக்கூட எந்தக் கல்லூரியும் உங்களுக்காகத் தளர்த்தக் கூடாது, நீங்களும் அப்படிக் கேட்கக் கூடாது. ஆடாத கை இந்த வரிசையில் எங்கே வருகிறது, சொல்லுங்கள். துல்லியமாக அளக்க அது ஒரு வழி, அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. பாடம் நடத்த ஆரம்பித்த புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைச் சிறிது சிறிதாக இன்னொன்றில் விட்டுச் செறிவைக் கண்டுபிடிக்கிற சோதனையில், வினை முடிகிற இடமான எண்ட் பாயிண்ட்டை எப்போதும் தாண்டிவிடுவார். அந்த இடத்தை நிறத்தால் காட்டுகிற பினால்ஃப்தலீன் போட்டால், மற்றவர்கள் லேசான ரோஜா நிறத்தில் நிறுத்துகிற இடத்தில் அவர் இன்னும் ஊற்றிக்கொண்டே இருப்பார், குடுவை முழுக்கக் கடும் நிறமாகிவிடும். கவனமில்லாத பையன் என்று ஒரு பருவம் முழுக்க மதிப்பெண்ணைக் குறைத்தேன். அப்புறம் ஒருநாள் அவரே தயங்கித் தயங்கி வந்து, அந்த லேசான நிறமே தனக்குத் தெரிவதில்லை என்றார். அடுத்த வகுப்பில், அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டுகிற பிஎச் மீட்டரை அவர் மேசையில் வைத்தேன். அரை மில்லி அரை மில்லியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் எண்ணை எழுதி, வரைபடம் போட்டு, கோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தை எண்ட் பாயிண்ட் என்று காட்டினார். வகுப்பிலேயே அவருடைய விடைதான் உண்மையான செறிவுக்கு மிக அருகில் இருந்தது. நான் அதுவரை சோதித்தது அவருடைய கண்ணை. சோதித்திருக்க வேண்டியது வேதியியலை. அந்த ஒரு பருவத்து மதிப்பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும், நிறக்குருடு பற்றி 1794-ல் விரிவாக எழுதிப் படித்தவர் ஜான் டால்டன். அணுக்கொள்கையைத் தந்த அதே டால்டன்தான். அவருக்கே அந்தக் குறை இருந்தது. வேதியியலின் அடிப்படைக் கொள்கை ஒன்றைத் தந்தவர் இன்று நம் வகுப்புக்கு வந்தால் நிறம் தெரியவில்லை என்று ஃபெயில் போடுவோமா?

உங்கள் பிரச்சினை கை என்பதால் இன்னொருவரைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின். இருபதுகளின் நடுவிலேயே முடக்குவாதம் வந்து அவர் கை விரல்கள் கோணத் தொடங்கின. அவர் செய்ததோ சின்னஞ்சிறு படிகங்களை எடுத்துப் பொருத்தி எக்ஸ்ரே படம் பிடிக்கிற வேலை. எக்ஸ்ரே கருவியின் முதன்மை விசையை விரலால் தள்ள முடியாமல் போனபோது, அதற்கு நீளமான ஒரு நெம்புகோல் செய்து வைத்துக்கொண்டார். 1964-ல் நோபல் பரிசு வாங்கினார், 1969-ல் இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்தார். நீங்களும் நோபல் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நெம்புகோலுக்காகச் சொல்கிறேன். நியாயமான மாற்று ஏற்பாடு என்று சட்டங்கள் சொல்வது இதைத்தான்: வேலை அதே வேலை, விசை மட்டும் கைக்கு எட்டுகிற மாதிரி.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம்.

ஜெல் ஏற்றுவது நடுக்கமே இல்லாதவர்களையும் படுத்துகிற வேலை. முதலில் உட்காருங்கள், நின்றுகொண்டு செய்யாதீர்கள். இரண்டு முழங்கைகளும் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒரு கையில் பிப்பெட், அதாவது திரவத்தைச் சிறு அளவில் உறிஞ்சி விடுகிற கருவி. மற்றக் கையின் ஆள்காட்டி விரல், முனைக்குச் சற்று மேலே பிப்பெட்டைத் தாங்கட்டும். ஜெல் தட்டுக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றைப் போட்டால் குழிகள் பளிச்சென்று தெரியும். இனிதான் முக்கியமானது. முனையைக் குழியின் அடிவரை இறக்காதீர்கள். சாம்பிளோடு கலக்கிற நிறக்கரைசலான லோடிங் டையில் கிளிசராலோ சர்க்கரையோ கலந்திருப்பதே சாம்பிள் கனமாகித் தானாகக் கீழே இறங்கத்தான். குழியின் வாய்க்குள் முனை லேசாக நுழைந்தால் போதும், மெதுவாக அழுத்துங்கள், நீலம் ஒரு நூல் போல இறங்குவதைப் பார்க்கலாம். அந்த உயரத்தில் கை கொஞ்சம் ஆடினாலும் ஜெல் கிழியாது. குழிகளை உண்டாக்குகிற சீப்பில் அகலமான பற்கள் உள்ளதைப் போட்டு ஜெல் ஊற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம். குழி பெரிதாகும், பரிசோதனை ஒன்றும் கெடாது.

கட்டைவிரலால் அமுக்குகிற சாதாரண பிப்பெட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பிப்பெட் கேளுங்கள். அதில் உறிஞ்சுவதையும் தள்ளுவதையும் மோட்டார் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பொத்தானைத் தொட்டால் போதும். நடுக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. எடை போடும்போது சரியாக 1.000 கிராம் வரவேண்டும் என்று கரண்டியோடு போராடாதீர்கள். ஏறக்குறைய ஒரு கிராம் போட்டு, தராசு காட்டுகிற எண்ணை அப்படியே எழுதி, அதை வைத்துச் செறிவைக் கணக்கிடுங்கள். பெரிய ஆய்வகங்களில்கூட அப்படித்தான் செய்கிறார்கள். அமிலத்தைப் பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டாம். பாட்டில் வாயிலேயே பொருத்துகிற டிஸ்பென்சர் கேளுங்கள். வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று மேசையில் இருக்கட்டும்.

யாராவது பார்த்தால் நடுக்கம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்த நடுக்கத்தின் இயல்பே, மனப்பலவீனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதனால் செய்முறைத் தேர்வில் தேர்வாளர் தோளுக்குப் பின்னால் நிற்காமல் இருப்பதும், கூடுதல் நேரம் தருவதும் நீங்கள் நியாயமாகக் கேட்கக்கூடிய ஏற்பாடுகள்தான். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ப்ரோப்ரனலால் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. யாரிடமாவது இரண்டு மாத்திரை கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போகிற வேலை மட்டும் வேண்டாம்.

இதெல்லாம் ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கூச்சம் உங்கள் நேர்மையைக் காட்டுகிறது, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். கோட்டை எங்கே போடுவது என்பது அவ்வளவு கடினமில்லை. ஓர் உதவியாளர் உங்களுக்குக் கை கொடுக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் "50 மைக்ரோலிட்டர் எடுங்கள்" என்றால் அவர் 50 எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியது 5 என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் 50-தான் எடுக்க வேண்டும். பரிசோதனை கெட்டுப்போனால் அது உங்கள் தவறு, உங்கள் மதிப்பெண். அவர் வாய் திறந்து திருத்திவிட்டால் அந்த இடத்தில் திறமை அவருடையதாகிவிடுகிறது. ஆபத்தான தவறு என்றால் மட்டும் அவர் நிறுத்தலாம். சிந்தனை உங்களுடையதாக இருக்கும்வரை, கை யாருடையது, மோட்டார் யாருடையது என்பது ஏமாற்று ஆகாது. கண்ணாடி போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப் பார்க்கிறவரை யாராவது ஏமாற்றுக்காரர் என்கிறோமா?

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வேலைகளில் கை ஆடுவது உண்மையிலேயே ஆபத்து. காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற திரவத்தை ஊசியால் எடுப்பது, நோய்க்கிருமியோடு ஊசியும் கத்தியும் பிடிப்பது, இப்படிச் சில. அங்கே "என்னாலும் முடியும்" என்று வீம்பு பிடிக்காதீர்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும், உங்கள் கையை நேரில் பார்த்து ஆபத்தை மதிப்பிட வேண்டும். வேறு வழி இருக்கிறதா, ஊசிக்குப் பதில் முனை மழுங்கிய கருவி போதுமா, அந்தப் படியை மட்டும் இன்னொருவர் செய்யலாமா என்று பார்க்க வேண்டும். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு படிக்காக மூன்று ஆண்டுப் படிப்பையே மூடச் சொல்வது நியாயமில்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது. நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று அது சொல்கிறது, நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக அது இருக்கக் கூடாது என்ற ஒரே எல்லையோடு. உயர்கல்விக்கும் இது பொருந்தும். பெரும்பாலான நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னும் நுட்பமானது: திறனின் தரத்தைக் கல்லூரி குறைக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தத் திறனைச் சோதிக்கிற முறையை நியாயமான அளவுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். நான் பக்கம் பக்கமாகச் சொன்னதன் சாரமும் இதுதான்.

ஆகவே சட்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போகச் சொல்கிறேனா? இல்லை. முதலில் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. உங்களால் எது முடியவில்லை, எது இருந்தால் முடியும் என்று அதில் இருக்க வேண்டும். அடுத்த பருவத்தின் செய்முறைப் பட்டியலை இப்போதே வாங்கி, எந்தெந்தப் பரிசோதனையில் இடிக்கும் என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். எல்லோருக்கும் உங்கள் உடல்நிலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்பாடு செய்ய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும். பேசி முடிவானதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

போகும்போது கையில் ஒன்று இருக்கட்டும். லேப் காலியாக இருக்கிற ஒரு நாளில் அனுமதி கேட்டுப் போய், தராசில் ஒரு சின்னக் குடுவையை வைத்து, 1000 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லி தண்ணீரைப் பத்துத் தடவை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் எடையை எழுதுங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய 0.998 கிராம். பிப்பெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8655 தரம் இந்த அளவுக்கு அனுமதிப்பது, சராசரியில் 8 மைக்ரோலிட்டர் விலகல், தடவைக்குத் தடவை மாறுகிற சிதறலில் 3 மைக்ரோலிட்டர். அது கருவிக்கான கணக்கு. மாணவரின் கைக்கு அதைப்போல இரண்டு மடங்கு வந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். சாதாரணப் பிப்பெட்டில் ஒரு பத்து, முழங்கை ஊன்றி ஒரு பத்து, முடிந்தால் எலக்ட்ரானிக் பிப்பெட்டில் ஒரு பத்து. மூன்று வரிசைகளையும் ஒரே தாளில் எழுதி ஆசிரியர் மேசையில் வையுங்கள். உங்கள் கை ஆடுவதை அவர் பார்த்திருக்கிறார். அது எத்தனை மைக்ரோலிட்டர் ஆடுகிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள் தம்பி. எண்கள் எப்படி வந்தாலும் அனுப்புங்கள், எங்கே சரிசெய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.