பக்கால் ஓட்டிய ராக்கெட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்பத்தோடு மெக்சிகோ போய், பலெங்கேயில் மாயா கோயில்களைப் பார்த்தோம். கல்வெட்டுக் கோயிலின் படியில் ஏறவே விடவில்லை. உள்ளே இருக்கும் பக்கால் மன்னரின் கல்லறையையும் பார்க்க முடியவில்லை. அதன் கல்மூடியில் ராக்கெட் ஓட்டும் மனிதன் இருப்பதாக யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் போனோம். அது உண்மையா?

ச.

அன்புள்ள ச.,

ஏற விடாதது நல்லதுதான். மழைக்காட்டு ஈரத்தில் நிற்கும் சுண்ணாம்புக்கல் கட்டடம், எத்தனை கால்களைத் தாங்கும்?

ராக்கெட் கதை 1968இல், வேற்றுகிரகவாசிகள் பூமிக்கு வந்ததாக எழுதிய எரிக் வான் டேனிகன் கிளப்பிவிட்டது. மூடியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அது ராக்கெட். நேராக வைத்துப் பாருங்கள். பக்கால் முழங்காலை மடக்கிச் சாய்ந்திருக்கிறார். கீழே பாதாளத்தின் எலும்புத் தாடைகள். மேலே சிலுவை வடிவில், பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைப்பதாக மாயர்கள் நம்பிய உலக மரம், உச்சியில் ஒரு பறவை. அதே ஊரின் சிலுவைக் கோயில் பலகையிலும் இந்த மரமும் பறவையும் உண்டு. அங்கே இருபுறமும் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், யாரும் எதையும் ஓட்டவில்லை. போதாக்குறைக்கு, பக்கால் பிறந்ததும் (603) இறந்ததும் (683) மூடியின் விளிம்பிலேயே வெட்டியிருக்கிறது.

எனக்கு வியப்பு, இந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த தொல்லியலாளர் அல்பெர்த்தோ ரூஸ் மேல்தான். மேலே கோயில் தரையில் ஒரு பலகைக்கல். அதில் துளைகள், துளைகளுக்குக் கல் தக்கைகள். சுவர் தரையோடு நிற்காமல் இன்னும் கீழே இறங்குவதையும் அவர் கவனித்தார். கல்லைப் பெயர்த்தால் படிக்கட்டு. ஆனால் முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்திருந்தார்கள். அதை அள்ளியே சில வருடங்கள் போயின. 1952 ஜூனில்தான் கல்லறை அறை திறந்தது. மூடி மட்டும் கிட்டத்தட்ட 3.8 மீட்டர் நீளம், அந்தப் படிக்கட்டு வழியாக இறங்கவே இறங்காது. ஆக, முதலில் கல்லறை, அப்புறம் அதன் மேல் கோயில். அறையிலிருந்து படிக்கட்டோரமாக மேலே வரை ஒரு கல்குழாய் வேறு விட்டிருக்கிறார்கள். செத்த ராஜாவோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாதென்று வைத்ததாம்!

சரி, மறுபடி போனால் அங்கே ரூஸ் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பக்காலின் உடல் வைத்திருந்த கல்பெட்டியின் முழு அளவு நகல் இருக்கிறது. மூடியோடு நிறுத்திவிடாமல் பெட்டியின் பக்கவாட்டையும் பாருங்கள். பக்காலின் முன்னோர்கள் கொக்கோ, கொய்யா, அவகாடோ என்று பழமரங்களோடு சேர்ந்து மண்ணிலிருந்து முளைத்து வருகிறார்கள். ராக்கெட்டைவிட எனக்கு இதுதான் பெரிய கற்பனை. பக்காலின் முகத்தில் இருந்த ஜேட் (பச்சைக்கல்) முகமூடி மெக்சிகோ நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.