இட்லி மாவு பொங்குகிறது, தயிர் ஏன் பொங்குவதில்லை? நுண்ணுயிரியல் கேள்வி-பதில்

வளர்சிதை மாற்றம், மரபணுக் கட்டுப்பாடு, நோயெதிர்ப்பு என்று பாடப்புத்தகம் மூன்று அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறது. வருகிற கேள்விகள் அப்படிப் பிரிந்து வருவதில்லை. அதனால் பதில்களையும் பிரிக்கவில்லை.

இட்லி மாவு, தயிர் இரண்டிலும் நடப்பது லாக்டிக் அமில நொதித்தல்தான். மாவு மட்டும் ஏன் பொங்குகிறது?

அமிலம் ஒன்றுதான், அது வரும் பாதை வேறு. தயிரில் வேலை செய்யும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோகாக்கஸ் வகைகள் சர்க்கரையை கிளைக்காலிஸிஸ் (குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் பாதை) வழியாகவே உடைக்கின்றன. ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு லாக்டேட் (லாக்டிக் அமிலம்), இரண்டு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). ஒரு கார்பன் அணுகூட வாயுவாகப் போவதில்லை. பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது கேசின் என்ற பால் புரதம் திரண்டு பால் உறைகிறது.

இட்லி மாவில் முன்னணியில் நிற்பது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வருவதால்தான் மாவுக்கு உறை ஊற்ற வேண்டியதில்லை. இதற்கு கிளைக்காலிஸிஸின் நடுவே வரும் ஆல்டோலேஸ் நொதி கிடையாது. அதனால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை ஆக்ஸிஜனேற்றம் செய்து, ஒரு கார்பனை கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிட்டு, மீதி ஐந்து கார்பனை ஃபாஸ்ஃபோகீட்டோலேஸ் நொதியால் மூன்று, இரண்டு என்று வெட்டுகிறது. மூன்று கார்பன் துண்டு லாக்டேட் ஆகிறது. இரண்டு கார்பன் துண்டு எத்தனால் ஆகிறது. நிகர லாபம் ஒரே ஒரு ஏடிபி.

எத்தனாலை ஏன் தயாரிக்க வேண்டும், அசிட்டேட்டாக விட்டால் இன்னொரு ஏடிபி கிடைக்குமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பாதையின் தொடக்கத்திலேயே எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிஹெச் மூலக்கூறுகள் இரண்டு சேர்ந்துவிடுகின்றன. அவற்றின் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் அடுத்த குளுக்கோஸைத் தொட முடியாது. எத்தனால் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் இடம். ஃபிரக்டோஸ் கிடைத்தால் லியூகோனோஸ்டாக் அதன்மேல் எலக்ட்ரான்களை ஏற்றி மானிட்டால் ஆக்கிவிட்டு, அசிட்டேட் வழியில் கூடுதல் ஏடிபியை எடுத்துக்கொள்கிறது. நொதித்தலில் எந்தக் கழிவுப்பொருள் வந்தாலும், அது எத்தனை என்ஏடிஹெச்சைத் தீர்க்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பட்டியலை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

வாயு வந்தால் மட்டும் மாவு பொங்காது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள கொழகொழப்பான கூட்டுச்சர்க்கரையும் குமிழைப் பிடித்து வைப்பதால்தான் பொங்குகிறது. தயிரில் குமிழ் தெரிந்தால் கோலிஃபார்ம் (குடல்வகை பாக்டீரியா) அல்லது ஈஸ்ட் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆய்வகத்தில் இந்த வேறுபாட்டை டர்ஹாம் குழாயில் (வாயுவைப் பிடித்துக் காட்டும் கவிழ்த்த சிறு குழாய்) காட்ட விரும்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லாக்டிக் அமில பாக்டீரியாவை வளர்க்கும் வழக்கமான எம்ஆர்எஸ் ஊடகத்தில் லிட்டருக்கு 2 கிராம் அம்மோனியம் சிட்ரேட் இருக்கிறது. சிட்ரேட்டிலிருந்தே வாயு விடும் இனங்கள் உண்டு, அவை உங்களை ஏமாற்றிவிடும். சிட்ரேட் இல்லாமல் ஊடகம் தயாரியுங்கள்.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி, 32, 30 என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. பாக்டீரியாவுக்கு எது சரி?

38 என்பது என்ஏடிஹெச்சுக்கு 3, எஃப்ஏடிஹெச்2-க்கு 2 என்று முழு எண்ணாக வைத்துப் போட்ட பழைய கணக்கு (10 என்ஏடிஹெச்சுக்கு 30, இன்னொரு எலக்ட்ரான் சுமப்பியான எஃப்ஏடிஹெச்2 இரண்டுக்கு 4, நேரடியாக உருவாகும் 4). மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்று 2.5, 1.5 என்று வைக்கிறார்கள். அதில் 30 அல்லது 32 வருகிறது.

பாக்டீரியாவான ஈ. கோலை விஷயம் வேறு. அதன் எலக்ட்ரான் சங்கிலியில் மூன்றாம் காம்ப்ளெக்ஸே இல்லை. குவினால் என்ற சுமப்பியிலிருந்து எலக்ட்ரான் நேராக ஆக்ஸிடேஸுக்குப் போகிறது. என்ஏடிஹெச் டிஹைட்ரோஜினேஸ்-1 நான்கு புரோட்டான்களையும், பிஓ3 ஆக்ஸிடேஸ் நான்கையும் கடத்துகின்றன, ஆக 8. அந்தப் புரோட்டான்கள் திரும்பி வரும்போது ஏடிபியைக் கட்டும் ஏடிபி சிந்தேஸின் சி-வளையத்தில் 10 துணையலகுகள். ஒரு முழுச் சுற்றில் 10 புரோட்டான் உள்ளே வந்து 3 ஏடிபி உருவாகிறது. அதாவது ஒரு ஏடிபிக்கு 3.3 புரோட்டான். எனவே ஒரு என்ஏடிஹெச்சுக்கு 2.4 ஏடிபி, குளுக்கோஸுக்குச் சுமார் 30. ஆக்ஸிஜன் குறைந்தால் பிடி ஆக்ஸிடேஸ் வேலைக்கு வரும். அது கடத்துவது 2 புரோட்டான்தான், கணக்கு 23-க்கு இறங்கிவிடும். புரோட்டானே கடத்தாத இன்னொரு என்ஏடிஹெச் டிஹைட்ரோஜினேஸும் ஈ. கோலையிடம் உண்டு. அது ஓடினால் இன்னும் குறையும்.

தேர்வில் எந்த எண்ணை எழுதினாலும், எந்த விகிதத்தை வைத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரி இல்லாத எண்ணுக்குப் பொருளில்லை.

லாக்டோஸை உண்ணத் தேவையான மரபணுத் தொகுப்பான லாக் ஓப்பரானைத் திறப்பது அல்லோலாக்டோஸ். அதைத் தயாரிப்பது பீட்டா-கேலக்டோசிடேஸ். ஓப்பரான் மூடியிருக்கும்போது முதல் அல்லோலாக்டோஸ் எங்கிருந்து வருகிறது?

மூடியிருக்கிறது என்றால் முழுக்க மூடியிருக்கிறது என்று பொருளல்ல. ஓப்பரானை மூடிவைக்கும் புரதமான லாக் ரெப்ரஸர் ஒரு செல்லில் பத்து அளவில்தான் இருக்கிறது. அது அவ்வப்போது ஆப்பரேட்டர் என்ற டிஎன்ஏ இடத்தை விட்டு விலகும். அந்த இடைவெளியில் சில நொதி மூலக்கூறுகளும் லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் சில பெர்மியேஸ்களும் உருவாகிவிடுகின்றன. முதல் லாக்டோஸ் உள்ளே வரவும், அதில் ஒரு பங்கு அல்லோலாக்டோஸாக மாறவும் அது போதும். பெர்மியேஸ் கூடினால் லாக்டோஸ் கூடுகிறது, லாக்டோஸ் கூடினால் பெர்மியேஸ் கூடுகிறது. தூண்டப்பட்ட பிறகு நொதியின் அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஏறுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. குளுக்கோஸ் இருக்கும்போது லாக் ஓப்பரான் ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று கேட்டால், எல்லோரும் ஓப்பரானை ஊக்குவிக்கும் சைக்ளிக் ஏஎம்பி குறைவதால் என்று மட்டும் எழுதுகிறார்கள். அது பாதி பதில்தான். குளுக்கோஸ் உள்ளே போகும்போது அதைக் கடத்தும் பிடிஎஸ் அமைப்பின் ஐஐஏ புரதம் பாஸ்பேட்டை இழக்கிறது. பாஸ்பேட் இல்லாத ஐஐஏ நேராகப் போய் லாக்டோஸ் பெர்மியேஸில் ஒட்டி அதைப் பூட்டிவிடுகிறது. லாக்டோஸ் உள்ளேயே வராததால் ரெப்ரஸர் இறங்குவதில்லை. இதற்குத் தூண்டி விலக்கம் என்று பெயர். குளுக்கோஸில் வளரும் செல்லையும் லாக்டோஸில் வளரும் செல்லையும் அளந்து பார்த்தபோது சைக்ளிக் ஏஎம்பி பெரிதாக வேறுபடவில்லை. ஜாக் மோனோ 1941-ல் விவரித்த இரட்டை வளர்ச்சி வளைகோட்டுக்கு (முதலில் ஒரு சர்க்கரை, பிறகு இன்னொன்று என்று இரு கட்டமாக வளர்வது) இந்தப் பூட்டுதான் முக்கியக் காரணம். ஜேக்கப்பும் மோனோவும் ஓப்பரான் கருத்தை 1961-ல் முன்வைத்தார்கள், 1965-ல் ல்வோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

டிரிப்டோஃபான் ஓப்பரானில் இருக்கும் அட்டென்யுவேஷன் (படியெடுத்தலைப் பாதியில் நிறுத்தும் கட்டுப்பாடு) மனித செல்லில் உண்டா?

இதே வடிவில் இருக்க வழியில்லை. ஓப்பரானின் தொடக்கத்தில் வரும், 14 அமினோ அமிலம் கொண்ட லீடர் பெப்டைடில் 10, 11-ஆம் இடங்கள் இரண்டும் டிரிப்டோஃபான். புரதம் கட்டும் ரைபோசோம் டிரிப்டோஃபான் இல்லாமல் அங்கே தடுமாறி நிற்கிறதா, கிடைத்து ஓடிவிடுகிறதா என்பதைப் பொறுத்து முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் தொடர்வதா நிற்பதா என்று முடிவாகிறது. படியெடுத்தலும் புரதம் கட்டுவதும் ஒரே நேரத்தில் ஒரே இழையில் நடந்தால்தான் இது சாத்தியம். நம் செல்லில் நடுவே உட்கரு உறை நிற்கிறது.

பிளாஸ்மிட்டில் டிஎன்ஏ துண்டு சேர்ந்ததா (வெள்ளை), இல்லையா (நீலம்) என்று கொலனி நிறத்தால் பார்க்கும் நீலம்-வெள்ளைத் தேர்வு சரியாக வரவில்லை. சில தட்டுகளில் எல்லாம் நீலம், சிலவற்றில் எல்லாம் வெள்ளை. கொலனிகளைச் சுற்றிப் பொடிக் கொலனிகளும் வருகின்றன.

மூன்றும் மூன்று தவறு.

எல்லாம் வெள்ளை என்றால், வெட்டாத பியூசி19 பிளாஸ்மிட் போட்ட கட்டுப்பாட்டுத் தட்டை முதலில் பாருங்கள். அதுவும் வெள்ளை என்றால் குறை தட்டிலோ செல்லிலோ இருக்கிறது. எக்ஸ்-கால் வெளிச்சம் பட்டுக் கெட்டிருக்கலாம். செல்லில் லாக்இஸட் டெல்டா எம்15 (பிளாஸ்மிட் தரும் துண்டோடு சேர்ந்து நொதியை முழுமையாக்கும் மரபணு) இல்லாமல் இருக்கலாம். ஓப்பரானைத் தூண்டும் ஐபிடிஜி விட்டுப்போயிருக்கலாம். ஜேஎம்109, எக்ஸ்எல்1-புளூ போன்ற செல் வகைகளில் ரெப்ரஸர் அதிகம், ஐபிடிஜி கட்டாயம் வேண்டும். டிஹெச்5-ஆல்ஃபாவுக்கு அது இல்லாமலே நிறம் வரும். எக்ஸ்-கால் நிறம் தரும் பொருள் மட்டுமே, ஓப்பரானைத் தூண்டாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அளவு: 90 மிமீ தட்டுக்கு, டைமெத்தில் ஃபார்மமைடில் கரைத்த எக்ஸ்-கால் (மில்லிக்கு 20 மில்லிகிராம்) 40 மைக்ரோலிட்டர், 100 மில்லிமோலார் ஐபிடிஜி 40 மைக்ரோலிட்டர். பரப்பி, இருட்டில் அரை மணி நேரம் உலரவிடுங்கள். ஈரத்தோடு செல்லை ஊற்றினால் கரைப்பான் பட்ட இடத்தில் கொலனி வராது. ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்க்காதீர்கள். நிறம் மங்கலாக இருந்தால் தட்டை ஓரிரு மணி நேரம் 4 டிகிரியில் வையுங்கள், நீலம் அழுத்தமாகும்.

எல்லாம் நீலம் என்றால் வெக்டர் (துண்டைச் சுமக்கும் பிளாஸ்மிட்) வெட்டுப்படவில்லை, அல்லது வெட்டுப்பட்டுத் தனக்குத்தானே ஒட்டிக்கொண்டது. ஒரே நொதியால் வெட்டியிருந்தால் ஃபாஸ்ஃபடேஸ் போட்டு 5-பிரைம் பாஸ்பேட்டை நீக்குங்கள்.

பொடிக் கொலனிகள் ஆம்பிசிலின் தீர்ந்துபோனதன் அடையாளம். பிளாஸ்மிட் உள்ள கொலனி பீட்டா-லாக்டமேஸை வெளியே விடுகிறது. சுற்றிலும் மருந்து அழிந்த வட்டத்தில் பிளாஸ்மிட் இல்லாத செல்கள் முளைக்கின்றன. 16 முதல் 18 மணி நேரத்தில் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அகார் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகே மருந்தைச் சேர்த்து, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் வரும்படி பாருங்கள். அந்தப் பொடிகளை எடுத்து வளர்க்காதீர்கள்.

வெள்ளைக் கொலனி என்றாலே உள்ளே உங்கள் துண்டு இருக்கிறது என்று பொருளல்ல. வெட்டிய முனை சற்றுச் சிதைந்து ஒட்டினாலும் வெள்ளைதான். கொலனி பிசிஆரோ வெட்டுநொதிச் சோதனையோ செய்யாமல் முடிவு எழுத வேண்டாம்.

டிஎஸ்ஐ குழாயை (மூன்று சர்க்கரை உள்ள சாய்வு அகார்) மறுநாள் மாலை பார்த்தால் முடிவு மாறிவிடுகிறதே?

மாறத்தான் செய்யும். குளுக்கோஸ் 0.1 சதவீதம், லாக்டோஸும் சுக்ரோஸும் தலா 1 சதவீதம். குளுக்கோஸை மட்டும் உண்ணும் பாக்டீரியா முதலில் குழாய் முழுவதையும் அமிலத்தால் மஞ்சளாக்கும். பிறகு காற்றுப்படும் சாய்வில் பெப்டோனை உண்டு அம்மோனியா விடும்போது அங்கே சிவப்பு திரும்புகிறது. எனவே 18 மணி நேரத்துக்கு முன் பார்த்தால் எல்லாம் மஞ்சள், 24 மணி நேரம் தாண்டினால் லாக்டோஸ் உண்பவைகூட சிவப்பாகலாம். மூடி இறுக்கமாக இருந்தால் சாய்வு சிவப்பே ஆகாது. ஹைட்ரஜன் சல்ஃபைடால் வரும் கறுப்பு அடியை மறைத்தாலும் அடியை அமிலம் என்றே குறியுங்கள். குத்துவதற்கு வளையம் வேண்டாம், நேர் ஊசி.

ரத்த அகாரில் வளர்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸில் கேட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கும் நொதி) பாசிட்டிவ் வந்தது, நெகட்டிவ் அல்லவா வர வேண்டும்? தவிர, கேட்டலேஸ் உள்ள பாக்டீரியா வெள்ளணுக்களிடமிருந்து தப்பிக்கும் என்பது உண்மையா?

முதல் கேள்விக்கு: சிவப்பணுவிலேயே கேட்டலேஸ் உண்டு. கொலனியோடு அகாரையும் கிள்ளிவிட்டீர்கள். கொலனியின் உச்சியை மட்டும் மரக்குச்சியால் தொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விடுங்கள். நிக்ரோம் வளையமே குமிழ் எழுப்பும். பழைய பெராக்சைடு பொய்யான நெகட்டிவ் காட்டும். தினமும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, என்ஏடிபிஹெச் ஆக்ஸிடேஸால் சூப்பராக்சைடு தயாரிக்கிறது. அது பெராக்சைடாகி, மைலோபெராக்ஸிடேஸ் குளோரைடோடு சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்குகிறது. அந்த ஆக்ஸிடேஸ் பிறவியிலேயே பழுதாக இருந்தால் வருவது நாட்பட்ட கிரானுலோமா நோய். இந்தக் குழந்தைகளை வாட்டுபவை பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், செரேஷியா, பர்க்ஹோல்டேரியா செப்பேசியா, நோகார்டியா, ஆஸ்பர்ஜில்லஸ். எல்லாமே கேட்டலேஸ் உள்ளவை. கேட்டலேஸ் இல்லாத பாக்டீரியா தன் சொந்தப் பெராக்சைடாலேயே மாட்டிக்கொள்ளும் என்பது பாடப்புத்தக விளக்கம். ஆனால் இதே நோயுள்ள எலிகளில் ஸ்டஃபைலோகாக்கஸ், ஆஸ்பர்ஜில்லஸ் இரண்டின் கேட்டலேஸ் மரபணுவையும் நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் நோய் குறையவில்லை. ஆகவே கேட்டலேஸை அடையாளமாக நினைவில் வையுங்கள், காரணமாக எழுத வேண்டாம். நோயைக் கண்டறிய இன்று டைஹைட்ரோரோடமின் சோதனைதான் வழக்கம்.

காய்ச்சலுக்கு எடுத்த வைடாலில் (டைஃபாய்டு ஆன்டிபாடிச் சோதனை) டிஓ (ஓ ஆன்டிஜெனுக்கான ஆன்டிபாடி அளவு) 1:80 என்று வந்தால் டைஃபாய்டா?

அந்த ஒரு எண்ணை வைத்து ஆம் என்று சொல்ல முடியாது. பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோ ஆன்டிபாடி இருக்கலாம். டைஃபாய்டு கிருமியின் ஓ9, ஓ12 ஆன்டிஜென்கள் வேறு சால்மோனெல்லாக்களிலும் உண்டு. 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து நான்கு மடங்கு ஏற்றம் பார்ப்பதுதான் முறை. 1:80 அடுத்த முறை 1:160 ஆவது ஒரே குழாய் வித்தியாசம், சோதனைப் பிழைக்குள் அடங்கிவிடும். 1:320 ஆனால்தான் கணக்கு. முதல் வாரத்தில் ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்த கல்ச்சர் எடுப்பதே நல்லது. பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி எடுத்துவிட்டு கல்ச்சர் நெகட்டிவ் என்பதில் அர்த்தமில்லை.

டிஃப்தீரியா நச்சு எப்போது உருவாகிறது? தடுப்பூசி போட்டவர் தொண்டையிலும் கிருமி இருக்க முடியுமா?

முடியும். நச்சின் மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதல்ல, அது பீட்டா ஃபேஜ் என்ற வைரஸ் கொண்டுவந்தது. அதை அடக்கிவைக்கும் டிடிஎக்ஸ்ஆர் ரெப்ரஸர் மட்டும் பாக்டீரியாவின் குரோமோசோமில் இருக்கிறது. இரும்பு ஒட்டியிருக்கும்வரை டிடிஎக்ஸ்ஆர் நச்சு மரபணுவை மூடிவைக்கும். இரும்பு குறைந்தால் விலகும். தொண்டையில் டிரான்ஸ்ஃபெரினும் லாக்டோஃபெரினும் இரும்பைக் கவ்விக்கொள்கின்றன. கிருமியைப் பட்டினி போட நம் உடல் செய்யும் அதே ஏற்பாடுதான் நச்சு மரபணுவைத் திறந்துவிடுகிறது. நச்சை அகாரில் கோடாகக் காட்டும் எலெக் சோதனையில் ஊடகத்தில் இரும்பு கூடிவிட்டால் நச்சு விடும் கிருமியும் கோடு காட்டாமல் போவது இதனால்தான்.

தடுப்பூசியில் இருப்பது ஃபார்மலின் போட்டுச் செயலிழக்கச் செய்த நச்சு. அதனால் வரும் ஆன்டிபாடி நச்சைத்தான் பிடிக்கும், கிருமியை விரட்டாது. நச்சு செல்லுக்குள் போய் புரதம் கட்டத் தேவையான ஈஎஃப்-2-ஐ முடக்கிவிட்டால் ஆன்டிடாக்ஸினால் (நச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்து) அதைத் தொட முடியாது. சந்தேகம் வந்ததுமே, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், மருத்துவர்கள் ஆன்டிடாக்ஸின் கொடுப்பது இதற்காகத்தான். குணமானவருக்கும் தடுப்பூசி தேவை. நோய் வந்து போனாலே எதிர்ப்பு வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.