நவீனத்துவ நாவல்களின் நகரத்து இளம்பெண்கள்: எப்படி வாசிப்பது?

கதாநாயகி கடைசிவரை எதையும் எட்டிப்பிடிக்காமலே நாவல் முடிந்துவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்தில் போய் முடியும் கதையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். காசைக் கவனித்து வாசியுங்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை யார் கொடுக்கிறார்கள், அறைச் சாவி யாரிடம்? அவள் வளர்வதும் சறுக்குவதும் அங்கேதான் தெரியும்.

முதலில் வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’யில் (1925) நாயகியின் மகள் எலிசபெத் பஸ்ஸில் போகும் சில பக்கங்கள். லண்டன், 17 வயது. ஸ்ட்ராண்ட் என்ற பரபரப்பான தெரு வரை போக இன்னொரு பென்னி ஆகும், கொடுக்கிறாள். அந்த ஒரு பென்னி தூரத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பரபரப்பைப் பார்த்ததும், டாக்டராகலாம், பண்ணை வைக்கலாம், நாடாளுமன்றத்துக்கே போகலாம் என்று தோன்றுகிறது. பிறகு, நேரமாகிவிட்டதென்று வீடு திரும்புகிறாள். யோசனை பாதியில் நிற்கிறது. வுல்ஃப் அதை முடித்துவைப்பதில்லை.

அடுத்து ஜீன் ரைஸின் ‘வாயேஜ் இன் த டார்க்’ (1934). கரீபியத் தீவிலிருந்து வந்து மேடை நிகழ்ச்சிகளில் கோரஸில் (குழு நடனத்தில்) ஆடும் அன்னாவுக்கு ஓர் ஆண் பணம் அனுப்புகிறான். அவள் புது உடுப்பு வாங்கி வந்ததுமே வீட்டுக்காரம்மாவின் பேச்சு மாறிவிடுகிறது, அறையைக் காலிசெய்யச் சொல்கிறாள். நாவலின் மொத்த இயக்கமும் இந்த இடத்தில் இருக்கிறது. முடிவை ஒழுக்கம் தவறியதற்கான தண்டனையாகப் படிப்பவர்கள் உண்டு, அது தப்பு. கருக்கலைப்புக்குப் பின் அன்னா இறப்பதாகத்தான் ரைஸ் முதலில் எழுதினார். பதிப்பாளர் வற்புறுத்தி மாற்றவைத்தார். அச்சான வடிவத்தில் அவள் பிழைக்கிறாள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. என் கணிப்பில் இதுதான் அதிகக் கொடுமை.

டாரதி ரிச்சர்ட்சனின் ‘பில்கிரிமேஜ்’ 13 பாகம். 1915இல் வந்த முதல் பாகத்தில் தொடங்கிப் பாதியில் விடுபவர்கள் பலர். நகரத்துக்காகப் படிப்பதென்றால் நேராக நான்காம் பாகமான ‘த டனல்’ (1919) எடுங்கள். மிரியம், லண்டன் பல் மருத்துவமனையில் வாரம் ஒரு பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கிறாள். மாடியறை ஒன்று அவளுக்கே அவளுக்கு. அந்த அறைக்குள் அவள் முதலில் நுழையும் பக்கங்களை அவசரப்படாமல் வாசியுங்கள். யார் யார் என்று ஆசிரியர் அறிமுகப்படுத்த மாட்டார், ‘அவள்’ சட்டென ‘நான்’ ஆகும். நனவோடை (மனதில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதும் முறை) என்ற சொல்லை 1918இல் மே சின்க்ளேர் இலக்கிய விமர்சனத்துக்குள் கொண்டுவந்ததே இந்த வரிசையின் முதல் பாகங்களை வைத்துத்தான். தினம் இரண்டு பக்கமாகப் படித்தால் இழை அறுந்துபோகும். ஓர் அத்தியாயத்தை ஒரே மூச்சில் படியுங்கள், புரியாத பெயர்களைத் தாண்டிப் போங்கள்.

பெர்லின் வேண்டுமென்றால் இர்ம்கார்ட் கொய்னின் ‘செயற்கைப் பட்டுப் பெண்’ (1932). திருடிய ஃபர் கோட்டோடு வந்த டோரிஸ், பார்வையில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்காகத் தெருக் காட்சிகளைச் சேகரித்து வந்து சொல்லும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.