செல்லப்பிராணிக் காப்புறுதி: புதுப்பிக்கும்போது மாறும் நிபந்தனைகள்

கேள்வி (ஹரோ வாசகி): எங்கள் லாப்ரடோருக்கு அடுத்த மாதம் எட்டு வயது. தோல் ஒவ்வாமைக்கு நிரந்தரமாக மருந்து கொடுக்கிறோம். லைஃப்டைம் பொலிசிதான். ஆனால் இம்முறை வந்த கடிதத்தில் எக்ஸஸ் (சிகிச்சைச் செலவில் முதலில் நாங்களே கட்டவேண்டிய தொகை) 100 பவுணிலிருந்து 150 ஆகிவிட்டது. எட்டு வயதுக்குப் பிறகு செலவில் 20 சதவீதத்தை நாங்களே கட்டவும் வேண்டுமாம். வேறு நிறுவனத்துக்கு மாறுவது நல்லதா?

பதில்: தொடர் மருந்தில் இருக்கும் நாய் என்றால் அநேகமாக மாறாமல் இருப்பதே லாபம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

லைஃப்டைம் பொலிசியில், இடைவெளி விடாமல் புதுப்பிக்கும்வரை, அதே நோய்க்கு நிறுவனம் தரும் தொகையின் வரம்பு ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்கும். நிறுவனத்தை மாற்றினால் ஒவ்வாமை ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும். அதற்குப் பணம் வராது. அதோடு நின்றுவிடுவதுமில்லை. முதல் கிளெய்ம் போனதும் புதிய நிறுவனம் மிருக வைத்தியரிடமிருந்து முழுப் பதிவையும் வாங்கிப் படிக்கும். எப்போதோ ‘காதைச் சொறிகிறது’ என்று எழுதியிருந்தால், நாளைக்கு வரும் காது அழற்சியையும் ஒவ்வாமையோடு முடிச்சுப் போடுவார்கள். இரண்டு வருடம் அறிகுறியும் சிகிச்சையும் இல்லாமல் இருந்தால் பழைய நோயை ஏற்கும் நிறுவனங்கள் சில உண்டு. மாதாமாதம் மருந்து எடுக்கும் நாய்க்கு அந்தச் சலுகை பொருந்தாது.

மருந்துக்கு மாதம் 80 பவுண் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 960. எக்ஸஸ் 150 போக 810. அதில் 20 சதவீதம், அதாவது 162, உங்கள் பங்கு. நிறுவனம் தருவது 648. புதிய பொலிசி மாதம் 25 பவுண் மலிவு என்றாலும் மிச்சம் 300தான், இழப்பதோ 648. உங்கள் உண்மையான பில்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில நிறுவனங்கள் முதலில் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டுப் பிறகு எக்ஸஸைக் கழிக்கும். அப்படியானால் 960இல் 192, பிறகு 150 போய் 618தான் கைக்கு வரும். எந்த வரிசை என்பது பொலிசிப் புத்தகத்தில் இருக்கும்.

பொதுவாக எந்த வருட நிபந்தனை பொருந்தும் என்பதைச் சிகிச்சை நடந்த தேதிதான் தீர்மானிக்கிறது, நீங்கள் படிவம் அனுப்பிய தேதி அல்ல. ஆகவே செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனையைப் புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எக்ஸஸ் பெரும்பாலும் ஒரு நோய்க்கு, ஒரு பொலிசி வருடத்துக்கு ஒரு தடவை. சிகிச்சை இரண்டு வருடங்களில் விழுந்தால் இரண்டு தடவை கட்டுவீர்கள்.

கட்டணத்தைக் குறைக்க வருடாந்த வரம்பை இறக்கச் சொல்வார்கள். யோசித்துச் செய்யுங்கள். பின்னர் வரம்பைத் திரும்ப உயர்த்தினாலும், இடையில் வந்த நோய்க்குப் பழைய குறைந்த வரம்பே நிற்பது வழக்கம்.

கடிதத்தில் சென்ற வருடக் கட்டணமும் அச்சிட்டிருக்க வேண்டும். பிரித்தானியாவில் 2017இலிருந்து அது விதி. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கக்கூடாது என்று 2022இல் வந்த தடை வீட்டுக்கும் வாகனத்துக்கும் மட்டும். நாய், பூனைக்கு இல்லை. அநியாயம்தான், ஆனால் நிலைமை அதுதான். அதனால் அதே நிறுவனத்திடமே தொலைபேசியில் பேரம் பேசிப் பாருங்கள்.

கேள்வி (குரொய்டன் வாசகர்): பூனையின் நீரிழிவுக்கு ஒரு வருடம் பணம் தந்தார்கள். இப்போது மறுக்கிறார்கள். பொலிசியை மாற்றிவிட்டார்களா?

பதில்: மாற்றியிருக்க மாட்டார்கள். நீங்கள் எடுத்தது காலவரையறைப் பொலிசியாக இருக்கும். அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 12 மாதம், அல்லது குறிப்பிட்ட தொகை தீரும்வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதோடு அந்த நோய் முடிந்தது. கட்டணம் தொடர்ந்து கட்டினாலும் திரும்பக் கிடைக்காது. நீரிழிவு வாழ்நாள் நோய் என்பதால் இவ்வகைப் பொலிசி அதற்குப் பொருந்துவதே இல்லை. மற்ற நோய்களுக்கான காப்பு மட்டும் தொடரும்.

கேள்வி (லெஸ்டர் வாசகி): இடது முழங்காலுக்குக் கிளெய்ம் செய்தோம். புதுப்பித்தல் கடிதத்தில் இரண்டு முழங்கால்களையும் விலக்கியிருக்கிறார்கள். பொலிசியை வாங்கும்போது லைஃப்டைம் என்றுதான் சொன்னார்கள்.

பதில்: முழங்கால், இடுப்பு, கண், காது போன்ற இரட்டை உறுப்புகளை ஒரே நோயாகக் கணக்கிடும் வரி பல பொலிசிகளில் உண்டு. ஆனால் லைஃப்டைம் என்று விற்றுவிட்டு, கிளெய்ம் செய்ததற்காக அந்த நோயையே விலக்குவது முறைப்பாட்டுக்குரிய விஷயம். வாங்கியபோது தந்த ஆவணத்தைத் தேடி எடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களுக்கு எட்டுக் கிழமை அவகாசம். இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால், அல்லது எட்டுக் கிழமையில் பதிலே வராவிட்டால், நிதிச் சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மனிடம் (இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் சுயாதீன அமைப்பு) போகலாம். கட்டணம் கிடையாது. இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அதுவரை மாதக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். பொலிசி அறுந்தால் மற்ற நோய்களுக்கான காப்பும் போய்விடும்.