வாத்தியார் இல்லாத ஆன்லைன் வகுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நமக்குள்ளேயே சொல்லிக்கொடுத்துப் படிக்கிற எக்செல் வகுப்பை ஆன்லைனில் மூன்று முறை நடத்தியாயிற்று. அதே மாதிரி தொடங்க நினைக்கிறவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில்.

சத்துவாச்சாரியிலிருந்து: அக்கா, வாத்தியாரே இல்லாமல் வகுப்பா? சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அந்தக் கதையாகிவிடாதா?

வேலூர்க் கோட்டைக் கோயில் சாமி இல்லாமல் இருந்தது 1981 வரைக்கும்தான் தம்பி, அதற்கப்புறம் உங்க சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைத்தானே கொண்டுவந்து வைத்தார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் வேண்டாம், ஆனால் வாரத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை, இந்த வாரம் என்ன செய்கிறோம் என்று திங்கட்கிழமை நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை செய்யாதவர்களுக்குப் போன் போட்டால் போதும். போன்தான் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால் நீல டிக் விழும், வேலை நடக்காது.

ஆம்பூரிலிருந்து: எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

பன்னிரண்டு. முதல் முறை ஆசைப்பட்டு 31 பேரைச் சேர்த்தேன், ஆறாவது வாரம் என்னையும் சேர்த்து ஏழு பேர்தான் மிச்சம். கூட்டம் பெரிதாக இருந்தாலும் நடத்தலாம்தான், கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் 2008ல் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய வகுப்பில் பணம் கட்டியவர்கள் 25 பேர், இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய ஆன்லைன் வகுப்புக்கு மூக் (MOOC) என்ற பெயரே அந்த வகுப்பை வைத்து வந்ததுதான். ஆனால் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நம்மிடம் ஒருவர் நழுவினால் அவர் பொறுப்பேற்ற வாரம் அந்தரத்தில் நிற்கும். பன்னிரண்டு பேரையும் நாலு நாலாகப் பிரித்துவிடுங்கள், ஒருவர் செய்த ஷீட்டை அந்தக் குழுவில் இன்னொருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து: பாடத்திட்டம் முழுவதையும் முன்கூட்டியே எழுதிவிடணுமா?

முதல் இரண்டு வாரத்துக்கு எழுதுங்கள், மீதியைக் காலியாக விடுங்கள். காலியாக விட பயமாகத்தான் இருக்கும். போன முறை மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் கடைக் கணக்கையே கொண்டுவந்தார், ஏப்ரல் மாத விற்பனையைக் கூட்டினால் ஒட்டவே இல்லை. எல்லோரும் சூத்திரத்தைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் ஒரு பெண்தான் கவனித்தாள்: 12ஆம் தேதி வரை தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் நிற்கின்றன, 13லிருந்து இடப்பக்கம் ஒட்டிக்கொள்கின்றன. அவர் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படித்திருக்கிறது. 03/04 என்றால் அதற்கு மார்ச் 4, பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13/04 வெறும் எழுத்து. அடுத்த வாரம் முழுக்க இதையே எடுத்துக்கொண்டோம், பொறுப்பாளர் அந்தப் பெண். நான் எழுதி வைத்திருந்த ‘தேதி வடிவங்கள்’ பாடத்தை யாரும் கேட்கவே இல்லை, கொஞ்சம் வருத்தம்தான்.

ஆரணியிலிருந்து: மேடம், எதில் சந்திக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு?

கூகுள் மீட். இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் கிடைக்கும், ஜூமில் 40 நிமிடத்தில் வெட்டிவிடும். நேரம்தான் தலைவலி. இரவு எட்டரை என்று வைத்திருந்தோம், ரம்ஜான் மாதம் வந்ததும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தராவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார்கள், ஞாயிறு காலை 11க்கு மாற்றினோம். தேதி குறிக்கும் முன்பே காலண்டரைப் பாருங்கள் சார்.

காட்பாடியிலிருந்து: சான்றிதழ் தரலாமா? பணம் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். பணம் வாங்கினால் நீங்கள் வாத்தியாராகிவிடுவீர்கள், எல்லோரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மறுபடி ஆம்பூரிலிருந்து: ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்?

அடுத்த வாரம் குறிப்பெடுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். எங்கள் குழுவில் அப்படிப் பேசினது நான்தான், பிள்ளைகள் எனக்கு இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் அந்த வேலையைக் கொடுத்தார்கள்.