பசையைத் தொட மறுக்கும் குழந்தைக்குக் காகம் ஒட்டும் வேலை

காக்கா வடை கதைக்குப் படம் ஒட்டும்போது உங்கள் வகுப்புச் சிறுவன் பசையைத் தொட மறுத்தால், பசை அவன் விரலில் படாதபடி வேலையை மாற்றுங்கள். அட்டையில் காகத்தை வரைந்து, அதனுள் இருபக்க ஒட்டுநாடாவை நீங்களே ஒட்டி, மேல்தாளை உரித்துக் கொடுத்தால், கறுப்புத் தாள் துண்டுகளை அவன் வைத்து அழுத்தினாலே போதும். வடையைப் பனையோலையில் நறுக்கிக்கொள்ளலாம். நம் ஊர்ப்பக்கம் ஓலைக்குப் பஞ்சமில்லை.

ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் காக்கா வடை கதையை ஆர்வமாகக் கேட்டுவிட்டு, ஒட்டும் நேரத்தில் மட்டும் கையை உதறி அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே கதையில் குறையில்லை. இத்தகைய குழந்தைகள் பலருக்கு ஈரமும் பிசுபிசுப்பும் தாங்க முடியாதவை. மைதாப் பசையோ காயும்போது தோலையும் இழுக்கும் என்பதால் இன்னும் மோசம்.

சோதித்துப் பார்க்க, உலர்ந்த ஓலைத் துண்டு, பத்தமடைப் பாய் நெய்யும் கோரையின் நறுக்கு, நனைத்த துணி, பசை என்ற வரிசையில் தட்டுகளை வைத்து, கை எங்கே பின்வாங்குகிறது என்று கவனியுங்கள். நனைத்த துணியில் கை பின்வாங்கினால் காரணம் தொடுவுணர்வாகவே இருக்கக்கூடும். ஓலையையே மறுத்தால், வகுப்பின் இரைச்சல் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களிலும் தொடுவுணர்வுச் சிக்கல்களிலும் உதவும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் அவனைக் காட்டுவதும் நல்லது.

பழகட்டும் என்று கையைப் பிடித்துப் பசைக்குள் அழுத்தாதீர்கள், மறுப்பு வலுக்கும். ஓலை விளிம்பு கீறும், மழுக்கிக் கொடுங்கள். காகத்தின் கண்ணுக்குக் குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம்: கடித்து விழுங்கினால் அது கொடிய நஞ்சு. கண்ணை மையால் வரைந்துவிடுங்கள்.