மெக்கானிக்கல் பட்டத்தோடு இயக்குநர் படிப்புக்கு

தம்பி, மெக்கானிக்கல் பட்டம் தடையாகுமா, கடன் வாங்கிக் கேமரா வாங்கிக் குறும்படம் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கவலையை விட்டுவிடுங்கள். 1960இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் கல்லூரியிலும் 3 ஆண்டு இயக்கம், திரைக்கதைப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வில் தேறினால் நேர்காணல் வரை போகலாம்.

கேமராவுக்குக் கடன் வேண்டவே வேண்டாம். அப்பா லேத் பட்டறை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? கைபேசியிலேயே 3 நிமிடப் படம் எடுங்கள். அவர் முகத்தைக் காட்டாதீர்கள். இரும்புச் சுருள் உதிர்வது, எண்ணெய்த் துணியைத் தேடும் கை, இவற்றை வைத்தே அன்று அவருக்கு மனம் சரியில்லை என்று பார்ப்பவருக்குப் புரியவைக்க முடிகிறதா பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் ஏன் அந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். நேர்காணலுக்கு இதுவே நல்ல பயிற்சி. உலக இயக்குநர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து போகிறவர்கள் அடுத்த கேள்வியிலேயே திணறிவிடுவார்கள்.

தேதிகளையும் கட்டணத்தையும் கல்லூரிகளின் இணையதளத்திலேயே பாருங்கள். படத்தை எடுத்ததும் இங்கே போடுங்கள், அவசியம் பார்த்துச் சொல்கிறேன்.